மூன்று முறை விலைபோன விளையாட்டு வீடு

1

ஊரில் இருப்பவர்களுக்கு எழுதும்போது எனக்கு ஒரு நிம்மதி. ஆலய ஏலம் என்றால் என்னவென்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இங்கே சில வாரங்களாக நான் அதைத்தான் விளக்கிக்கொண்டிருந்தேன்.

மெல்போர்னில் நான் வேலை பார்க்கும் கம்பெனி முந்திரி, பாதாம், உலர்ந்த பழங்கள் எல்லாம் வாங்கிப் பொட்டலம் போட்டு விற்கிறது. நான் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். முந்திரி பல நாடுகளிலிருந்து வருகிறது. அதில் ஒரு பங்கு தக்கலைக்குப் பக்கத்தில், என் சொந்த ஊரில் உள்ள அண்டியாபீஸிலிருந்து வருகிறது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: எங்கள் பக்கம் முந்திரித் தொழிற்சாலைக்கு அண்டியாபீஸ் என்றுதான் பெயர். யாரும் வேறு பெயர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை விளம்பரப் பிரிவில் இருக்கும் பெண் கைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "பார், போன மாதம் உங்கள் ஊரில் நம் கம்பெனிக்கு விழா எடுத்திருக்கிறார்கள்!" என்றாள். படத்தில் எங்கள் ஊர்த் தேவாலய முற்றம், அறுப்பின் பண்டிகை: முதல் விளைச்சலை ஆண்டவருக்குப் படைத்து ஏலம் விடும் நாள். பந்தல் போட்டு, நீள மேசையில் செவ்வாழைக் குலை, மத்தங்காய், மரச்சீனிக் கிழங்கு, கால் கட்டிய சேவல். நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக, சறுக்கு வைத்த ஒரு பிளாஸ்டிக் விளையாட்டு வீடு. அதன் கூரையில் எங்கள் கம்பெனியின் முத்திரை பளிச்சென்று தெரிந்தது. பக்கத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு வாயை ஆவென்று திறந்திருக்கிறார். எதிரே வெள்ளை வேட்டிக்காரர் ஒருவர் கையைத் தூக்கியிருக்கிறார்.

எனக்குப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் படத்தை எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். மத்தியானம் பீட்டர் வந்தார். எங்கள் கம்பெனியில் நேர்மைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. பீட்டர் அதன் பொறுப்பாளர். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் நம் மேசைக்கு வந்தால் சுற்றியிருப்பவர்கள் திடீரென்று மும்முரமாக வேலை செய்ய ஆரம்பிப்பார்கள்.

"இந்த ஆள் எதற்குக் கை தூக்குகிறார்?" என்று கேட்டார்.

"விலை கேட்கிறார்" என்றேன்.

2

அந்த விளையாட்டு வீடு ஊருக்குப் போன கதையைச் சொல்ல வேண்டும்.

கம்பெனி என்றால் லாபம் மட்டும் பார்த்தால் போதாது, தான் தொடுகிற மனிதருக்கும் மண்ணுக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது இப்போது உலகமெங்கும் பேச்சு. சமூகப் பொறுப்பு என்கிறார்கள். நம் நாட்டில் பெரிய கம்பெனிகளுக்கு அது சட்டமாகவே இருக்கிறது. எங்கள் கம்பெனி சில வருடங்களாக ஊர் அண்டியாபீஸில் பிள்ளைகள் அறைக்கு உதவி செய்து வந்தது. முந்திரிக்கொட்டை உடைக்கவும் பருப்பின் தோலெடுக்கவும் வரும் பெண்கள் சின்னப் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போகலாம். பால், பழம், பாய், சோப்பு எல்லாம் எங்கள் கம்பெனியின் ஆண்டு உதவியில். இந்த வருடம் அவற்றோடு அந்த விளையாட்டு வீடும் போனது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என் தங்கை லில்லி. அவளுக்குச் சம்பளம் அண்டியாபீஸ் முதலாளி கொடுக்கிறார்.

லில்லி அங்கே இருப்பதை நான் முதல் நாளே என் மேலதிகாரி ஹெலனிடம் சொல்லியிருந்தேன். "நல்லது, போன் செய்து கேட்க ஒரு ஆள் ஆச்சு" என்றார் ஹெலன். எதையும் சுற்றி வளைக்காமல் பேசுகிறவர் அவர். இந்த வருடத் தொடக்கத்தில் என்னை அழைத்து ஒரு கேள்வி கொடுத்தார். "நாம் செய்கிற நல்ல காரியங்களால் நமக்கு லாபம் கூடுகிறதா? மேலிடத்தில் சொல்ல எனக்கு ஒரு வரி போதும். ஆம் அல்லது இல்லை." அடுத்த ஆண்டுக்கான பணம் ஒதுக்கும் கூட்டத்துக்கு முன்பு பதில் வேண்டும். பிள்ளைகள் அறை தொடருமா என்பதும் அந்தக் கூட்டத்தில்தான் முடிவாகும்.

எனக்கு அந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. வேலைக்குப் போகும் ரயிலில் அதே யோசனை. படித்துப் பார்த்தேன். ஆராய்ந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். கூடும் என்கிறார்கள் சிலர். இல்லவே இல்லை என்கிறார்கள் சிலர். கொஞ்சம் கூடுகிற மாதிரித்தான் தெரிகிறது, ஆனால் எதனால் என்று மட்டும் கேட்காதீர்கள் என்கிறார்கள் மற்றவர்கள்.

சரி, நாமே பார்ப்போம் என்று எங்களுக்குப் பருப்பு அனுப்பும் தொழிற்சாலைகளை ஒப்பிட்டேன். பிள்ளைகள் அறை உள்ள எங்கள் ஊர் அண்டியாபீஸில் பெண்கள் ஒழுங்காக வேலைக்கு வருகிறார்கள், முழுப் பருப்பு அதிகம் தேறுகிறது, சரக்கு சொன்ன நாளில் வருகிறது. ஆகா, கிடைத்துவிட்டது என்று துள்ளினேன். பிறகுதான் பழைய விவரங்களைப் பார்த்தேன். நாங்கள் உதவி செய்வதற்கு முன்பும் அது அப்படித்தான் இருந்தது. நன்றாக நடக்கிற இடமாகப் பார்த்துத்தான் நாங்கள் உதவியே கொடுத்திருக்கிறோம். உதவியால் நன்றாக நடக்கிறதா, நன்றாக நடப்பதால் உதவி கிடைத்ததா? முடிச்சை எந்தப் பக்கமிருந்து அவிழ்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் பீட்டர் அந்தப் படத்தோடு வந்தார்.

3

அந்த வாரச் சனிக்கிழமை மத்தியானம் லில்லியைக் கூப்பிட்டேன். ஊரில் அப்போது காலை நேரம். பிள்ளைகள் பாயில் உருள்வதும் யாரோ ஒன்று வீறிடுவதும் கேட்டது.

"லில்லி, அந்த வீட்ட ஏலத்துல விட்டியளா?"

"விட்டோம்லா. நல்ல விலைக்குப் போச்சுக்கா. நீ படம் பாத்தியா?"

"ஆபீஸ்ல எல்லாரும் பாத்தாச்சு. அது கம்பெனி பிள்ளையளுக்குத் தந்த சாதனமில்லையா?"

"பிள்ளையளுக்கு வேண்டித்தான்க்கா விட்டோம். நீ என்ன, ஒண்ணுந் தெரியாத மாதிரி கேக்க?"

அவள் சொன்னதை அப்படியே சொல்கிறேன். பிள்ளைகள் அறை முன்பு சாக்கு அடுக்கிய இடம். விளையாட்டு வீட்டை உள்ளே வைத்தால் கதவு திறக்கவில்லை. சறுக்கு வந்து நிற்கிற இடத்தில்தான் பிள்ளைகள் தூங்க வேண்டும். ஆகவே அதை வெளியே தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். அவர்கள் கேட்டது வீடு அல்ல. இன்னொரு ஆயா வேண்டும் என்றுதான் கேட்டிருந்தார்கள். ஒரு வயது ஆகாத குழந்தைகளை லில்லி தனியாகப் பார்க்க முடியாது என்பதால் சேர்ப்பதில்லை. சுனிதா என்று ஒரு பெண், தோலெடுப்பதில் கெட்டிக்காரி, பிரசவத்துக்குப் பிறகு வேலைக்கு வர முடியாமல் வீட்டில் இருந்தாள். ஆனால் எங்கள் கம்பெனியில் ஒரு விதி உண்டு. பொருள் கொடுக்கலாம், சம்பளம் கொடுக்கக் கூடாது. பொருளைப் படம் எடுக்கலாம் அல்லவா.

"அப்பம் அறுப்பின் பண்டிகை வந்துது. புதுசா வந்த முதல் சாதனம், ஆண்டவருக்குப் படைச்சிருவோம்னு தாய்மாரெல்லாம் சொன்னாவ. ஏலப்பணத்த பிள்ளையளுக்கே தந்துருகோம்னு சபையிலயும் சம்மதிச்சாவ. பின்னே என்ன?"

"ஆரு எடுத்தா?"

"முதல்ல நம்ம கொத்தனார் ராஜையன் மாமா. எடுத்துட்டு, திரும்ப ஏலத்துல விடுங்கன்னுட்டாவ. ரெண்டாவது, துபாய்லேருந்து லீவுல வந்த ஒரு அண்ணன். அவியளும் திருப்பித் தந்தாவ. மூணாவது ஹார்டுவேர்ஸ் ஞானதாஸ் அண்ணன். மூணு தரம் சொன்ன பொறவு, பிள்ளையளுக்குக் கொண்டு குடுங்கன்னு மைக்கிலேயே சொல்லியாச்சு. அந்த டெம்போவுலயே திரும்ப வந்துது."

"அப்பம் வீடு இப்பம் எங்க இருக்கு?"

"இங்கதான் இருக்கு. பின்னே எங்க போவும்? ரோஸ்லெட்டு மைனி ஆயாவா வந்து மாசம் ஆச்சு. சுனிதா பிள்ளையக் கொண்டு விட்டுட்டு வேலைக்குப் போறா. எட்டு மாசக் குஞ்சு, சிரிச்சா கொள்ளாம் கேட்டியா."

போனை வைத்த பிறகும் நான் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். ஒரு பொருள், மூன்று முறை விற்றாயிற்று, மூன்று முறையும் பணம் வந்தாயிற்று, பொருள் பழைய இடத்திலேயே இருக்கிறது, கூடுதலாக ஒரு ஆயாவும் இருக்கிறாள். இத்தனை வருடக் கணக்கு வேலையில் இப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை. பெருமையாக இருந்தது. பீட்டரை நினைத்தால் பயமாகவும் இருந்தது.

4

பீட்டரின் கணினியில் கொடுக்கப்பட்ட பொருள்களுக்கு நான்கு நிலைதான் உண்டு. பயன்பாட்டில் உள்ளது, பழுதாகிவிட்டது, காணாமல் போனது, விற்கப்பட்டது. ஏதாவது ஒன்றைத்தான் தொட முடியும்.

"விற்றார்களா இல்லையா?" என்றார்.

"விற்றார்கள். ஆனால் அங்கேயேதான் இருக்கிறது."

"வாங்கியவர் ஏன் எடுத்துப் போகவில்லை?"

"எடுத்துப் போவதற்காக யாரும் வாங்குவதில்லை."

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. விற்கப்பட்டது என்று அவர் ஒருமுறை தொட்டுவிட்டால் அந்த இடத்துக்கு உதவி தானாக நின்றுவிடும், அதுதான் விதி. அதனால் நான் விடவில்லை. ஒரு தேங்காய் சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்குமோ, அதைப்போலப் பல மடங்கு கொடுத்து எங்கள் ஆலயத்தில் எடுப்பார்கள் என்றேன். தேங்காயில் என்ன விசேஷம் என்றார். ஒன்றுமில்லை என்றேன். எங்கள் அப்பா ஒரு வருடம் வீறாப்பில் ஒரு சேவலை எடுத்துவிட்டு வந்து, அம்மா அவரோடு இரண்டு நாள் பேசாமல் இருந்ததைச் சொன்னேன். முதன்முறையாகச் சிரித்தார்.

"காலையில் அது நம் பொருள். சாயங்காலமும் அங்கேதான். நடுவில் அது யாருடையது?" என்று கேட்டார். அவருக்கும் ஆர்வம் தொற்றிவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

"முதலில் ஒரு கொத்தனாருடையது, பிறகு துபாய்க்காரருடையது, பிறகு இரும்புச் சாமான் கடைக்காரருடையது. ஆனால் மூன்று பேருமே அது தங்களுடையது என்று நினைத்திருக்க மாட்டார்கள்."

நாற்காலியைச் சுழற்றிச் சுழற்றி யோசித்தார். லில்லியிடம் கேட்டு, அன்றைய செய்தித்தாளோடு வீட்டின் படத்தை எடுத்து அனுப்பச் சொன்னார். லில்லி அனுப்பினாள். வீட்டுக் கூரையில் ஈரத் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. சறுக்கில், எங்களுக்கு மதினி முறையான ரோஸ்லெட் மைனி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். பீட்டர் 'பயன்பாட்டில் உள்ளது' என்பதைத் தொட்டார். அன்று மாலை ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை, அது எனக்கு உறைக்கவும் இல்லை.

5

பீட்டர் விஷயம் முடிந்தது. ஹெலனின் கேள்வி அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்குத் தோன்றியது, நல்ல காரியத்துக்கும் வியாபாரத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்க ஞானதாஸ் அண்ணனை விட்டால் யார் இருக்கிறார்கள்? விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் ஏலத்தில் கடைசிக் கை அவருடையது. லில்லியிடம் எண் வாங்கிக் கூப்பிட்டேன். கடையில் யாரோ கம்பி வெட்டுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா, ஏலம் எடுக்க ஆரம்பிச்ச பொறவு வியாபாரம் கூடிச்சா?"

"ஏய், அது ஆண்டவருக்குக் குடுக்கிறது மக்கா. வியாபாரத்துக்கா குடுப்பேன்?"

"இல்லண்ணா, சும்மா தெரிஞ்சுக்கிடணும்னு கேக்கேன்."

கொஞ்சம் யோசித்தார். "மைக்கில என் பேரைச் சொல்லும்போ கடைப் பேரையும் சேத்துச் சொல்லணும்னு ஒரு தடவ சொன்னேன். அது உள்ளது."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. பிறகு அவரே பேசினார். ஒரு வருடம் கடையில் சரியான அடி. சரக்கு எடுக்கவே திண்டாட்டம். அந்த வருடம்தான் இருப்பதிலேயே பெரிய தொகைக்கு ஏலம் எடுத்தாராம்.

"என்னத்துக்குண்ணா?"

"கை தூக்காம இருந்தா, ஞானதாஸ் ஒடிஞ்சு போனான்னு ஊரே பேசும்லா. பொறவு ஆரு எனக்குக் கடனுக்குச் சரக்குத் தருவா?"

"அப்பம் ஏலத்தாலதான் கடை தப்பிச்சுதா?"

"அது எனக்கு எப்பிடித் தெரியும்? ஒரு வருசம் எடுக்காம இருந்து பாத்தாத்தானே தெரியும்."

"இருந்து பாருங்களேன்."

"போ மக்கா, நல்ல காரியம்! ஊரு என்ன நினைக்கும்?"

அவர் கடைக்கு எதிரே இன்னொரு ஹார்டுவேர்ஸ் கடை உண்டு. அதன் முதலாளி வெளியூர்க்காரர், ஏலம் நடக்கும் பக்கமே வந்ததில்லை. அவர் வியாபாரம் எப்படி என்று லில்லியிடம் விசாரித்தேன். மாடி கட்டியிருக்கிறார் என்றாள்.

ஆகமொத்தம் எனக்கு விடை கிடைக்கவில்லை. ஆனால் கேள்வி முன்பைவிட நன்றாகப் புரிந்தது. வசதி வந்ததும் கை உயர்கிறது, அது கண்ணுக்குத் தெரிகிறது. கை உயர்ந்ததால் வசதி வருகிறதா என்பது தெரியவில்லை. ஞானதாஸ் அண்ணனைப் பார்த்தால், கை உயர்த்துவதை நிறுத்தினால் கெடுதல் வரும் என்ற பயம் இருக்கிறது, அந்தப் பயம் ஒருவேளை நியாயமாகவும் இருக்கலாம். ஹெலனுக்கு எழுதிய அறிக்கையில் இதைத்தான் கம்பெனி மொழியில் எழுதினேன். ஆம் என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. தொடர்வது நல்லது என்று கடைசியில் என் கருத்தைச் சேர்த்தேன்.

6

அதே வாரம் கம்பெனியின் பிறந்த நாள். எல்லாரும் ஒரே நிறப் பனியன் போட்டுக்கொண்டு ஆற்றங்கரையில் மரக்கன்று நட்டோம். குடும்பத்தையும் கூட்டி வரலாம் என்றார்கள். என் கணவர் மருத்துவமனையில் நர்ஸ், அவருக்கு அன்று ஷிப்ட். பத்தாம் வகுப்பு படிக்கும் மகள் ஷைனி மட்டும் வந்தாள்.

ஷைனிக்கு இந்த வயதில் எல்லாமே போலி. ஆங்கிலத்தில்தான் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்வேன், இரண்டு பேரும் அப்படியே சண்டையும் போட்டுக்கொள்வோம். "இதெல்லாம் விளம்பரம் அம்மா. படம் எடுக்க ஆள் இல்லையென்றால் ஒருத்தராவது குழி தோண்டுவார்களா?" என்றாள்.

"ஞானதாஸ் மாமாவும் மைக் இல்லையென்றால் கை தூக்க மாட்டார். ஆனால் ரோஸ்லெட் அத்தைக்குச் சம்பளம் வந்துவிட்டதே" என்றேன். யார் அது என்று கேட்டாள். முழுக் கதையையும் சொன்னேன். அவள் என் ஊர்க் கதையைக் குறுக்கே பேசாமல் கேட்டு வெகுகாலம் ஆகிறது. முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்கள் கம்பெனி கை தூக்குவதை நிறுத்தினால், ஊர் என்ன நினைக்கும் என்று அவர்களுக்குக் கவலை இருக்குமா?"

எந்த ஊர் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

7

பணம் ஒதுக்கும் கூட்டம் முடிந்த மறுநாள் ஹெலன் என்னை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். முந்திரி வாங்கும் விலை ஏறிவிட்டது, கடைகளில் விற்பனை மந்தம், இந்த ஆண்டு லாபம் குறைகிறது. வெளிநாடுகளில் செய்கிற உதவிகளை எல்லாம் நிறுத்துகிறார்கள். பிள்ளைகள் அறையும் அதில் ஒன்று. ஏலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்.

"உன் அறிக்கை நன்றாக இருந்தது. வசதி வந்ததும் கை உயர்கிறது என்று எழுதியிருந்தாயே, அதன் மறுபக்கம்தான் இது" என்றார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்று தெரியாததால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

லில்லியைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

"பாலும் கிடையாதாக்கா?"

"எதுவுமே கிடையாது."

அவள் வாய்விட்டே யோசித்தாள். ஏலப்பணம் மிச்சம் இருக்கிறது. இனி அதைப் பாலுக்குத்தான் வைக்க வேண்டும், பாலில்லாமல் எந்தப் பிள்ளையையும் வைத்திருக்க முடியாது. அப்படியானால் ரோஸ்லெட் மைனிக்குக் கொடுக்க முடியாது. மைனி போய்விட்டால் ஒரு வயது ஆகாத குழந்தைகளை வைத்துக்கொள்ள முடியாது. "ஆயா சம்பளத்துக்கு முதலாளிட்ட முன்னமே கேட்டாச்சு, அவிய அப்பமே கையை விரிச்சிட்டாவ. அடுத்த அறுப்பின் பண்டிகைக்கு இன்னும் எத்தன மாசம் கெடக்கு. சுனிதாகிட்ட நான் இன்னைக்கே சொல்லணும்" என்றாள்.

பிறகு, "கம்பெனிக்கு ரொம்ப நஷ்டமாக்கா?" என்று கேட்டாள்.

"நஷ்டமில்ல. லாபம் குறைஞ்சு போச்சு."

"உனக்கு வேல போவுமா?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது."

"செரி. இருந்தாலும் வெள்ளிக்கிழம பெண்கள் கூட்டத்துல சொல்லி ஜெபிக்கச் சொல்லுகேன். உன் பெரிய மேடத்துக்குப் பேரு என்ன?"

ஹெலன் என்றேன். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் அவளே கூப்பிட்டாள். கூட்டம் நன்றாக நடந்ததாம். கம்பெனியின் பெயரைச் சொல்லி, வியாபாரம் செழிக்க வேண்டும், வேலை பார்க்கிற யாருக்கும் குறை வரக்கூடாது, ஹெலன் அம்மாவுக்கு நல்ல யோசனையும் சுகமும் தர வேண்டும் என்று ஜெபித்தார்களாம்.

"ஆரு ஜெபிச்சா?"

"சுனிதா."

"அவளுக்குத்தானே வேல போச்சு, லில்லி?"

"ஆமா. நாங்க ஆரும் சொல்லல்லக்கா. பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு அவளேதான் எந்திரிச்சா."

மறுநாள் தேநீர் போடும் இடத்தில் ஹெலனைப் பார்த்தேன். ஊரில் எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்று கேட்டார். சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு சொன்னேன். கூட்டத்தைச் சொன்னேன், ஜெபித்தது யார் என்று சொன்னேன், கம்பெனியோடு அவர் பெயரையும் சேர்த்துச் சொன்னார்கள் என்றேன்.

அவர் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாள்?" என்று கேட்டார்.

"வீட்டில் இருக்கிறாள்" என்றேன்.